விஸ்காம் திரில்லர் குறும்படம்: முதல் ரெண்டு நிமிஷத்துல உங்களை விடாம துரத்துறது எது?

மாடிப்படி:
பேரு வேண்டாம், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடப் பசங்க எடுத்த படம். ஓப்பனிங் 1 நிமிடம் 50 வினாடி, 11 ஷாட், வசனம் ஒரு வரி கிடையாது. அடுப்பில் குக்கர், பக்கத்தில் ஆள் இல்லை. முதல் விசில். கட் பண்ணா ஹால்: டிவி ஓடுது, மியூட்டில். இரண்டாவது விசில். வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஒண்ணு கவுந்து கிடக்கு. மூணாவது விசில் அடிச்சதும் முன்வரிசையில ஒரு அம்மா "அடுப்ப அணைங்கப்பா"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க. தியேட்டர் ரூம் பூரா சிரிப்பு. நாலாவது விசிலுக்கு யாரும் சிரிக்கலை.

கத்தி இல்லை, மாஸ்க் போட்ட ஆள் இல்லை. பருப்புக்கு மூணு விசில்னு எல்லா வீட்டுக்கும் தெரியும், அதனால பார்க்கிறவங்களே எண்ண ஆரம்பிச்சிடறாங்க. இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு சமாச்சாரம்தான் (குண்டு இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் பார்க்கிறவங்க பதறுவாங்க), செலவு ஒரு ஆழாக்கு துவரம்பருப்பு.

ஆனா அஞ்சாவது விசில்லேருந்து எடிட்டர் இடைவெளியைக் குறைச்சுக்கிட்டே வந்தார்: 12 வினாடி, 8, 5. கூடவே வயலின் கீச்சு. அங்கேயே படம் கையை விட்டுப் போச்சு. காரணம் இசையா, வெட்டா? இன்னும் பிடிபடலை.

டெசிபல் துரை:
ரெண்டும் இல்லை. குக்கர் அப்படி வேலை செய்யாது, அதான் விஷயம். முதல் விசிலுக்குத்தான் நேரம் பிடிக்கும். அப்புறம் தீ மாறாத வரைக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. தண்ணி வத்திப்போனா ஆவி ஏது? விசில் நின்னுடும். அடுத்தது தீஞ்ச வாடை, கடைசியா சேஃப்டி வால்வு உருகும். சமையக்கட்டுல நிக்கிற எல்லாருக்கும் இது உடம்புலயே தெரியும். அஞ்சு வினாடிக்கு ஒரு விசில்னு கேட்டதும் "இது சினிமா"ன்னு மூளை ஒதுங்கிடுது.

சரியான வெட்டு இதுதான்: நாலு விசில், நடுவுல 18 வினாடி 18 வினாடியா ஒரே சீர். நிஜத்துல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும், ஆனா இடம் மாத்தி மாத்தி கட் பண்றதால யாரும் கணக்குக் கேட்க மாட்டாங்க. அஞ்சாவது வரவேண்டிய இடத்துல எதுவும் வரக்கூடாது. 18 வினாடி தாண்டியும் வெறும் ரூம் டோன், அதாவது யாரும் பேசாத அறையோட சத்தம். இசையே வேண்டாம்.

ரெக்கார்டிங்: விசிலை ஷாட்டோட சேர்த்துப் பிடிக்காதீங்க. தனியா எடுங்க, 6 - 8 அடி தள்ளி, மைக்கை ஆவி போற திசைக்குப் பக்கவாட்டுல வெச்சு, ரெக்கார்டர் மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபல் தாண்டாம. கிட்டப் போனா கிளிப் ஆகும், அதாவது அளவு மீறி சத்தம் உடையும். கிளிப் ஆன விசிலை எந்த மென்பொருளும் முழுசா மீட்காது. அதே சமையலறையில ஆள் அசையாம 1 நிமிஷம் ரூம் டோன். ஃபேன், ஃபிரிட்ஜ் ரெண்டும் ஆஃப். ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணும்போது வண்டிச் சாவியை அதுக்குள்ள போட்டுடுங்க, திரும்ப ஆன் பண்ணாம யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

முக்கியமா: நிஜமா தண்ணி வத்த விட்டு ஷூட் பண்ணாதீங்க. பாதிக்குத் தண்ணி ஊத்தி ஆவியை மட்டும் எடுங்க. தீஞ்ச புகை வேணும்னா அடுப்புக்குப் பின்னால சாம்பிராணி, அதுக்கும் பின்னால ஒரு லைட். முன்னாலேருந்து லைட் அடிச்சா புகை தெரியாது, சுவர்தான் வெளுக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் புகை அளவு மாறும், அதனால ஜன்னலைச் சாத்தி, புகை பரவி நிதானமான பிறகு ரோல் பண்ணுங்க.

தேநீர் இடைவேளை:
இங்கே குக்கருக்குச் சண்டை. மத்த படங்கள்ல இன்னும் அலாரம் அடிக்குது, கை நீண்டு அணைக்குது, கண்ணாடி முன்னால பல் விளக்கறாங்க. அப்புறம் "6 மணி நேரத்துக்கு முன்பு"ன்னு ஒரு கார்டு. முதல் 40 வினாடி காலி.

எழுத்தாணி:
அலாரத்தைத் திட்டறது ஃபேஷனாயிடுச்சு. அலாரம் அடிச்சும் கை நீளலைன்னா அதுவும் குக்கர் மாதிரிதானே? பொருள்மேல குத்தமில்லை, அதுக்குப் பதில் வந்துடறதுதான் குத்தம்.

என்னை விடாமல் துரத்துவது ஒரு டைட்டில். தலைப்பில் ஒரு "கொ" இருந்தது. டைப்ரைட்டர் எஃபெக்ட், ஒவ்வொரு எழுத்தா வரணும். முதல்ல "க" வந்தது. அடுத்த நொடி அதற்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் முளைத்து, பழைய எழுத்து வலது பக்கம் நகர்ந்தது. பத்து வினாடி கட்டின பயம் அங்கேயே சிரிப்பாகிவிட்டது. யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) "கொ" என்பது "க" எழுத்தும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு. ஆங்கில அனிமேஷன் அதை இரண்டாகவே எண்ணும். வழி: ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி லேயராக்கி மாஸ்க் (மறைப்பு) போட்டுத் திறங்கள், அல்லது சொல் முழுவதையும் ஒரே கட்டில் வையுங்கள். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி எடிட்டிங் மென்பொருளில் எழுத்தே உடைந்து தெரிந்தால், செட்டிங்ஸில் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்ஜின் இருந்தால் அதற்கு மாற்றிவிட்டுப் புதிதாக டைப் செய்யுங்கள்.

டைட்டில் எங்கே உட்காருகிறது என்பதும் கதைதான். 1958இல் வந்த ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' பாருங்கள். காரின் டிக்கியில் குண்டு வைப்பதில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே ஷாட். ஸ்டுடியோ அதன்மேல் பெயர்களையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியது. வெல்ஸ் எழுதிய குறிப்பை வைத்து 1998இல் எடிட்டர் வால்டர் மர்ச் மறுபடி வெட்டியபோது பெயர்கள் போய்விட்டன, இசைக்குப் பதில் தெருச் சத்தம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் பெயர் படிக்கிற கண் குண்டை மறக்கிறது என்று புரியும்.

ஆகவே குக்கர் படத்தில் பெயர்கள் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில், வெறுமையான ஃப்ரேமில். ஒரு பெயர் குறைந்தது 3 வினாடி. வாய்விட்டு இரண்டு முறை படிக்க முடிந்தால் போதும். ஓரத்திலிருந்து 5 சதவீதமாவது உள்ளே. மொத்தம் ஏழெட்டுப் பெயருக்கு மேல் வேண்டாம். நன்றி அட்டையில் ஊரையே சேர்க்க வேண்டுமென்றால் கடைசியில் இடமிருக்கிறது.

பத்துக்குப்பத்து:
செருப்பு ஷாட் எல்லாம் சரி, சமையலறையை எந்த லென்ஸ்ல எடுத்தாங்க? பசங்க எல்லாரும் 50 எம்எம் 1.8 லென்ஸைத் தூக்கிட்டு வந்துடறாங்க, பின்னணி மங்கலா அழகா வரும்னு. ஏபிஎஸ்-சி சென்சார் (கேமராவுக்குள்ள படம் விழற சில்லுல ஒரு அளவு) அகலம் சுமார் 22 மி.மீ. 3 மீட்டர் தள்ளி நின்னா 50 எம்எம்ல தெரியறது 1.3 மீட்டர் அகலம்தான், அடுப்பும் அரை ஜன்னலும். அதே இடத்துல கிட் லென்ஸை (கேமராவோடயே வர்ற லென்ஸ்) 18 எம்எம்ல வெச்சா 3.7 மீட்டர். ஆள் இல்லாத வீடுன்னு சொல்ல வெற்றிடம் தெரியணும். க்ளோசப்பா அடுக்கிட்டுப் போனா, ஆள் ஃப்ரேமுக்கு வெளியே உட்கார்ந்து டீ குடிக்கிற மாதிரிதான் இருக்கும்.

இடம் பத்தலைன்னா கதவுக்கு வெளியேருந்து, ஜன்னல் கம்பி வழியா எடுங்க. ஒரு நிபந்தனை: கம்பி முன்னால வந்ததும் அது யாரோ ஒளிஞ்சு பார்க்கிற பார்வையாயிடும். யார் அதுன்னு படம் பதில் சொல்லணும். இல்லைன்னா கம்பியை ஃப்ரேம்லேருந்து ஒதுக்குங்க.

ஒரு படத்துல மாடிப்படி ஷாட் முழுக்க டியூப்லைட் பட்டை பட்டையா ஓடுச்சு. கிரேடிங்ல (எடிட்டுக்கு அப்புறம் நிறம் சரிபண்றது) கறுப்பாக்கியும் போகலை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடி. 1/60 வெச்சா பட்டை வரும். மலிவான எல்இடி பல்பு சிலது இந்தக் கணக்குக்கும் அடங்காது. ஷூட்டுக்கு முந்தின நாளே 10 வினாடி எடுத்து லேப்டாப்ல பாருங்க, கேமராத் திரையில தெரியாது.

கால்ஷீட்:
லென்ஸ், எழுத்துருன்னு பேசறீங்க, பாதிப் படம் நேரம் பத்தாமதான் சாகுது. யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன்.

லைட்டை மாத்தி வைக்க 40 நிமிஷம். அதே லைட்ல ஒரு ஷாட்டுக்கு 15 நிமிஷம். மாணவர் குழு இதைவிட வேகமா போகாது. 11 ஷாட், 3 லைட் அமைப்புன்னா 285 நிமிஷம், அஞ்சு மணி நேரத்துக்குள்ள அடங்கும். சேஸிங் வெச்ச ஓப்பனிங், 34 ஷாட், 8 இடம், இடத்துக்கு ஒரு லைட் அமைப்பு: 830 நிமிஷம், கிட்டத்தட்ட 14 மணி நேரம். கோடையில சாயங்காலம் 7லேருந்து காலை 5 வரைக்கும் இருட்டு 10 மணி நேரம்தான். விடியற்காலைல எடுத்த க்ளைமாக்ஸ் வானம் நீலமா இருக்கும், அதை ராத்திரின்னு யாரும் நம்ப மாட்டாங்க.

அதனால முதல்ல கட்டம் கட்டமா வரைங்க, குச்சி மனுஷன் போதும். போன்ல படம் பிடிச்சு எடிட்டிங் டைம்லைன்ல போட்டு, வாயாலயே விசில் அடிச்சு சத்தம் சேருங்க. கதை தெரியாத மூணு பேருக்குக் காட்டி "என்ன நடந்துச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. "நல்லா இருக்கா?"ன்னு கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. அப்புறம் ஷாட்டைக் கதை வரிசையில எடுக்காதீங்க, லைட் வரிசையில எடுங்க: சமையலறை ஷாட் எல்லாம் ஒரே மூச்சுல, பிறகு ஹால், கடைசியா வாசல். இந்த மாதிரி எடுத்தா கன்டின்யூட்டி தப்பும், ஒரு ஷாட்டுல இருந்த பொருள் அடுத்ததுல இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் செருப்பு, டம்ளர், கடிகார முள் எல்லாத்தையும் போன்ல ஒரு போட்டோ.

வீட்டுக்குள்ள நடக்கிற ராத்திரியைப் பகல்லயே எடுக்கலாம், ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கறுப்புத் துணி ரெண்டு மடிப்பு. ஆடி மாசத்துல பக்கத்துத் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கரை மட்டும் எந்தத் துணியும் மறைக்காது, தேதியை மாத்துங்க. வெளியே பொம்மைத் துப்பாக்கி, கத்தி எடுக்கிறதா இருந்தா லோக்கல் ஸ்டேஷன்ல முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, நகலை ஷூட்டிங் ஸ்பாட்ல வெச்சிருங்க.

மாடிப்படி:
துரை அண்ணே, நாலுல நிறுத்தறது சரிதான்னு படுது. ஆனா எரியற அடுப்பை அப்படியே விட்டுட்டு அடுத்த சீனுக்குப் போனா "வீடு எரியலையா?"ன்னு கேட்பாங்களே. ஒரு கை வந்து நாபைத் திருப்பினா?

டெசிபல் துரை:
திருப்பலாம், முகம் காட்டக்கூடாது. நாப் திரும்புற "டக்" சத்தத்தைத் தனியா பிடிங்க, அதுதான் 18 வினாடி தாண்டின அந்த அமைதியை உடைக்கிற முதல் சத்தம். டைட்டில் அந்த டக்மேல வரட்டும். கையில ரத்தம் வைக்கிற ஆசை வரும், வேண்டாம். அப்படியும் வேணும்னா லிக்விட் குளுக்கோஸ் நாலு பங்கு, தண்ணி ஒரு பங்கு, சிவப்பு ஃபுட் கலர், பழுப்புக்கு ஒரு சிட்டிகை கோகோ பவுடர். இனிப்பு, அரை மணி நேரத்துல எறும்பு மொய்க்கும். அதே சட்டை மூணு வாங்கி வைங்க, கறை போகாது.

பத்துக்குப்பத்து:
போன்ல எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. போன் பெரும்பாலும் ஃப்ரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படம்ங்கிற கணக்கு) நிலையா வெச்சிருக்காது, தனியா பிடிச்ச சத்தம் போகப்போக விலகும். எடிட்டுக்கு முன்னால ஹேண்ட்பிரேக்ங்கிற மென்பொருள்ல போட்டு கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட்டா மாத்துங்க. 25ல எடுக்க வழி இல்லாத போன்னா டைம்லைனையும் 30ல வெச்சுடுங்க, 30ஐ 25 ஆக்கினா கேமரா நகர்ற இடமெல்லாம் வெட்டி வெட்டி ஓடும். ஷட்டர் அப்பவும் 1/50தான்.