கண் இல்லாவிட்டால் காது கூர்மையாகிவிடுமா? நான்கு வயதுக் குழந்தைக்கு பிரெய்ல் தேவையா?

தாய்மாமன்:
என் அக்கா மகனுக்கு நான்கு வயது. விழித்திரைப் புற்றுநோயால் பதினான்கு மாதத்திலேயே இரண்டு கண்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது நலமாக இருக்கிறான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வந்திருப்பது நானா என் தம்பியா என்று சரியாகச் சொல்லிவிடுகிறான். அதைப் பார்த்த எங்கள் பெரியம்மா, "ஒன்றைப் பறித்தவன் இன்னொன்றைக் கூட்டிக் கொடுத்திருக்கிறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அக்காவோ, "எல்லாவற்றையும் கைப்பேசியே வாசித்துக் காட்டுகிறது, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளோடு குழந்தையை ஏன் வதைக்க வேண்டும்?" என்கிறாள். காது உண்மையிலேயே கூர்மையாகிறதா? பார்ப்பதற்கென்று மூளையில் இருக்கும் இடம் இவனுக்குத் தரிசாகவே கிடக்குமா?

ஆறுபுள்ளி:
தம்பி, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். வயது 61. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு பிரெய்ல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பெரியம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் எனக்கு யாரும் எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. என் காது உங்கள் காதைப் போன்றதுதான். இப்போது இடது காது சற்று மந்தமும்கூட. உங்கள் மருமகன் செருப்புச் சத்தத்தைக் கவனிக்கிறான், உங்களுக்கு அதைக் கவனிக்க அவசியமே வந்ததில்லை. முதல் வேறுபாடு அதுதான்.

மூளை விஷயத்துக்கு வருகிறேன். நான் இடது ஆள்காட்டி விரலால் படிப்பவன். ஒருமுறை வாழைப்பூ நறுக்கும்போது அரிவாள்மனை அந்த விரல் நுனியையே பதம் பார்த்துவிட்டது. கட்டுப் பிரிக்கும்வரை பதினைந்து நாள் நான் எழுத்தறிவில்லாதவன். வலது விரலை வைத்துப் பார்த்தேன், ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. அன்றுவரை என் படிப்பு முழுவதும் விரலில்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

பிறகுதான் ஸ்பெயின் நாட்டு அம்மையார் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். என்னைப் போலவே பிறவியிலிருந்து பார்வை இல்லாதவர், பிரெய்லில் மளமளவென்று படிப்பவர். அறுபதைக் கடந்த வயதில் பக்கவாதம் வந்து, மூளையின் பின்பகுதி இரண்டு பக்கமும் பழுதுபட்டது. கண் உள்ளவர்களுக்குப் பார்வை நடக்கும் இடம் அது. அவருக்குத்தான் பார்வையே இல்லையே, இழக்க என்ன இருக்கிறது? பிரெய்ல் போய்விட்டது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புள்ளிகள் தட்டுப்பட்டன, ஆனால் அவை எழுத்தாகச் சேரவில்லை. 2000ஆம் ஆண்டில் இதை ஆய்விதழில் எழுதினார்கள். யாரோ வாசித்துக் காட்ட இதைக் கேட்ட இரவு, என் பிடரியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தேன்.

ஆகவே தரிசாகக் கிடக்காது. ஆனால் அங்கே என்ன விளையும் என்பது நீங்கள் விதைப்பதைப் பொறுத்தது. கைப்பேசியில் கேட்டே வளர்ந்த மாணவர்களிடம் கட்டுரை எழுதச் சொன்னால் 'பள்ளி', 'பல்லி' இரண்டும் ஒன்றாகிவிடும். கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கவும் வேண்டும்.

வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? அதை நிமிர்த்தி நெடுக்காகப் பிடித்து, மேலே உள்ள மூன்று வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குழி, ஒரு பிரெய்ல் எழுத்துக்கு உள்ள ஆறு புள்ளி இடங்களைப் போல. இடப்பக்கம் மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. முதல் குழியில் ஒரு புளியங்கொட்டை போட்டால் 'அ'. ஒன்றிலும் மூன்றிலும் போட்டால் 'க'. இன்றைக்கு இது போதும்.

இயன்முறை மருத்துவர்:
ஐயா சொன்ன அம்மையாரின் நிலை தற்செயலானது அல்ல. 1996இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் சடாட்டோ குழுவினர், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது மூளையைப் படமெடுத்தார்கள். கண் தரும் செய்தி முதலில் வந்து சேரும் மூளைப்பகுதியான முதன்மைப் பார்வைப் புறணியே வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு சோதனை: படித்துக்கொண்டிருப்பவரின் பின்மண்டையில் காந்தத் துடிப்பு கொடுத்தார்கள். வாசிப்பு தடுமாறியது. இல்லாத புள்ளி இருப்பதாகவும், இருந்த புள்ளி காணாமல் போனதாகவும் சிலர் சொன்னார்கள். 1999இல் அதே சோதனையைப் பதினான்கு வயதுக்குப் பிறகு பார்வை இழந்தவர்களிடம் செய்தபோது அந்தத் தடுமாற்றம் இல்லை. இந்தக் குழந்தைக்குக் காலம் இருக்கிறது, வீணாக்காதீர்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். டேனியல் கிஷ் என்ற அமெரிக்கருக்கும் இதே புற்றுநோய்தான், பதின்மூன்று மாதத்துக்குள் இரண்டு கண்களும் போய்விட்டன. நாக்கைச் சொடுக்கி, திரும்பி வரும் எதிரொலியை வைத்தே சுவர், மரம், வாகனம் எல்லாம் கண்டுபிடித்து நடப்பவர், சைக்கிளும் ஓட்டுவார். 2011இல் கனடா ஆய்வாளர்கள் சோதித்தபோது, எதிரொலியைக் கேட்கையில் அவருடைய பார்வைப் புறணி விழித்துக்கொண்டது. உங்கள் மருமகன் 'டக், டக்' என்று நாக்கால் சத்தம் எழுப்பினால் யாரும் அதட்ட வேண்டாம்.

பின்னிரவு:
எனக்குக் கண் நீர் அழுத்தத்தால் 38 வயதில் பார்வை போயிற்று. பதினான்கு வயதுக் கணக்கைப் படித்ததும் சற்றுச் சுருக்கென்றது. அதற்காகச் சொல்கிறேன்: நானும் பிரெய்ல் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது, ஆனாலும் மாத்திரை டப்பாக்களை நானே பிரித்து வைக்கிறேன். மூளை கதவை அடியோடு சாத்திவிடுவதில்லை. பாஸ்டனில் கண் நல்லவர்களுக்கு ஐந்து நாள் கட்டுப்போட்டு பிரெய்ல் கற்பித்தார்கள். அதற்குள்ளேயே தொடுதலுக்குப் பார்வைப் புறணி அசையத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த ஒரே நாளில் அடங்கிவிட்டது. 2008இல் வந்த ஆய்வு.

இயன்முறை மருத்துவர்:
மன்னிக்க வேண்டும் ஐயா, அவசரத்தில் அப்படி எழுதிவிட்டேன். சிறுவயது மூளையின் பாதை வேறு, அவ்வளவுதான். பிந்திக் கற்பவர்களால் முடியாது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

தாய்மாமன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை பரண்மேல் கிடந்த பல்லாங்குழியை இறக்கித் துடைத்தோம். 'அ' உடனே பிடிபட்டது. 'க'வை இரண்டு முறை தடவிவிட்டு, "நடுவிலே ஒன்று விழுந்துவிட்டது, தேடு" என்றான். பிறகு ஆறு குழியிலும் கொட்டையை நிரப்பிவிட்டு, "இது என்ன எழுத்து, மாமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அக்கா எட்டிப் பார்த்து, "உங்கள் வாத்தியாரிடம் கேட்டுச் சொல்" என்றாள்.

ஆறுபுள்ளி:
இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பாரதி பிரெய்லில், அது இந்திக்காரர்கள் அடிவயிற்றிலிருந்து அழுத்திச் சொல்லும் ஒரு 'ட'. தமிழில் அதற்கு வேலை இல்லை. பையனிடம் இந்திக்காரர்களுடைய எழுத்தைப் போட்டுவிட்டாய் என்று சொல்லுங்கள். நாளைக்கு 'ல', ஒன்று இரண்டு மூன்று.