இஸ்தான்புல்லில் ஒரே ஒரு நாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு

கேள்வி: வரும் செவ்வாய்க்கிழமை ஒரு பகல் மட்டும் இஸ்தான்புல்லில் இருப்போம். அம்மாவுக்கு முட்டிவலி, பையனுக்கு 6 வயது. தோப்காபி அரண்மனை, ஹாகியா சோபியா மசூதி இரண்டையும் பார்த்துவிடலாமா?

பதில் 1: செவ்வாய் தோப்காபிக்கு விடுமுறை, அதை மறந்துவிடுங்கள். ஹாகியா சோபியாவில் சுற்றுலாப் பயணிகளை மேல்மாடத்துக்குத்தான் விடுகிறார்கள், சரிவுப்பாதையில் ஏற வேண்டும், அம்மா நின்று நின்று வரட்டும். எதிரிலேயே தரைக்கடியில் 336 தூண்களோடு பழைய நீர்த்தேக்கம் இருக்கிறது, தலைகீழாகக் கிடக்கும் மெதூசா (கிரேக்கக் கதையில் வரும் பாம்புக்கூந்தல் அரக்கி) கல்தலையை விட்டுப் பையன் நகரவே மாட்டான். தரை ஈரமாக இருக்கும், பார்த்து.

பதில் 2: என் ஓட்டு படகுக்கு! எமினோனு படகுத்துறையில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் நகரின் ஆசியக் கரை. எள் ஒட்டிய சிமித் ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பெண் பாதியைக் கடற்காகங்களுக்கே போட்டுவிட்டாள்.

கேட்டவர்: நல்லவேளை, அரண்மனை டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. சரி, சாயங்காலம் படகுதான்.