என்.பி.ஏ. கூடைப்பந்து டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தேர்வான வீரரின் வளர்ச்சியில் அணியின் பங்கு எவ்வளவு?

கார்னர்_22அடி (கேள்வி)

கவாய் லெனர்ட் 2011-ல் 15-வது பிக், அதாவது 15-வதாகத் தேர்வானவர். இண்டியானா எடுத்து, அன்றைக்கே ஜார்ஜ் ஹில்லுக்கு ஈடாக சான் அன்டோனியோவிடம் கொடுத்துவிட்டது. மூன்றாவது சீசனிலேயே, 2014-ல், ஃபைனல்ஸ் எம்.வி.பி. (இறுதிச் சுற்றின் சிறந்த வீரர்). அவருக்கு ஒரு வருடம் முன்பு 5-வது பிக்காக சாக்ரமெண்டோ போன டிமார்கஸ் கசின்ஸ் அங்கே ஆறரை சீசன் ஆடினார், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. கசின்ஸுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

"நல்ல சூழல்" என்று எல்லோரும் சொல்கிறோம். அன்றாடப் பயிற்சியிலும் ஆட்டத்திலும் அது எந்த வழியாக வேலை செய்கிறது? ஒரு ரூக்கிக்கு (முதல் சீசன் ஆடும் புது வீரருக்கு) அந்த அணி பொருந்துமா என்பதை முதல் இரண்டு வருடத்தில் எதை வைத்துக் கணிக்கலாம்?

ரிலீஸ்பாயிண்ட்

லெனர்டின் ஷாட்டையே எடுத்துப் பாருங்கள். கல்லூரியில் இரண்டு வருடம் சேர்த்து மூன்று புள்ளி ஷாட்டில் அவருடைய சராசரி 25 சதவீதம். காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் அங்கிருந்து தள்ளுவார். அப்படித் தள்ளும்போது பந்து போகும் தூரம் ஒவ்வொரு முறையும் மாறும், கை களைத்தால் ஷாட் குட்டையாக விழும். சான் அன்டோனியோவின் ஷூட்டிங் கோச் சிப் எங்கெலண்ட், கையை முன்னால் கொண்டுவந்து ரிலீஸை (பந்து கையை விட்டுப் போகும் இடத்தை) இறக்கினார். மொத்த ஷாட்டையும் கலைத்துப் போடவில்லை, அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்தினார். அதுவும் டிராஃப்டுக்கும் ஜூலை 1-ல் தொடங்கிய லாக்அவுட்டுக்கும் (ஒப்பந்தத் தகராறில் அணிகள் வீரர்களுக்குக் கதவடைத்த காலம்) நடுவே கிடைத்த சில நாட்களில். மீதி கோடை முழுக்க உழைத்தது லெனர்ட்தான், அந்தப் பெருமையை அணிக்குக் கொடுக்கக் கூடாது. ரூக்கி சீசனில் 37.6 சதவீதம்.

ஆனால் இதில் பாதியைத்தான் பேசுகிறோம். டங்கன், பார்க்கர், ஜினோபிலி என்ற நட்சத்திரங்கள் இருந்த அணி அது. ரூக்கியிடம் கேட்டது இரண்டே வேலை: எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரைக் காவல் காப்பது, கார்னரில் (ஆடுகளத்தின் மூலையில்) நின்று ஷாட் போடுவது. மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து கார்னரில் 22 அடி, மேலே வளைவில் 23 அடி 9 அங்குலம். புதிதாகத் திருத்திய ஷாட்டைக் குறைந்த தூரத்தில், ஆள் நெருங்காத நேரத்தில், கால் ஊன்றிப் போட்டுப் பழக முடிந்தது. தோற்கும் அணியில் இதே பையனிடம் 'ஷாட் கிளாக் (ஷாட் போட வேண்டிய நேரம்) முடியப் போகிறது, நீயே பந்தை எடுத்துப் போ' என்பார்கள். அவசரத்தில் பழைய கைப்பழக்கம் திரும்ப வந்துவிடும்.

டிராப்_கவரேஜ்

கசின்ஸ் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். வெஸ்ட்ஃபால், ஸ்மார்ட், மலோன், கார்பின், கார்ல், ஜேர்கர் என்று சாக்ரமெண்டோவில் அவர் பார்த்தது ஆறு தலைமைக் கோச்கள். ஒரு சென்டருக்கு (கூடை அருகே ஆடும் உயரமான வீரருக்கு) இது எவ்வளவு பெரிய கேடு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பிக் அண்ட் ரோலில் எதிரணி ஸ்கிரீன் வைக்கும்போது, அதாவது பந்து வைத்திருப்பவரைக் காவல் காப்பவரின் வழியை இன்னொருவர் உடலால் மறிக்கும்போது, சென்டர் என்ன செய்ய வேண்டும் என்பது கோச்சுக்குக் கோச் மாறும். ஒருவர் பின்வாங்கி பெயிண்ட் (கூடைக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதி) அருகே நில் என்பார், இன்னொருவர் முன்னே பாய்ந்து மறித்துவிட்டு உன் ஆளிடம் திரும்ப ஓடு என்பார், வேறொருவர் ஆளையே மாற்றிக்கொள் என்பார். மூன்றுக்கும் கால்வைப்பு வேறு, இடுப்பு திரும்பும் பக்கமே வேறு. யோசிக்காமல் கால் போகும் அளவுக்குப் பழகுமுன் முறை மாறினால் அரை அடி தாமதமாகும். அந்த அரை அடிதான் ஃபவுல். முதல் குவார்ட்டரில் இரண்டு ஃபவுல் விழுந்தால் கோச் பெஞ்சில் உட்கார வைப்பார். டிவியில் பார்ப்பவர் "பையனுக்கு ஒழுக்கம் இல்லை" என்று எழுதுவார்.

ஒப்பந்தக் கணக்கும் உண்டு. முதல் சுற்று வீரருக்கு உறுதியான சம்பளம் இரண்டு வருடத்துக்குத்தான். மூன்றாவது, நான்காவது வருடங்கள் அணியின் விருப்பம். மூன்றாவது வருடத்தை, முதல் சீசன் முடிந்து வரும் அக்டோபர் 31-க்குள் அணி முடிவு செய்தாக வேண்டும். அதாவது கையில் இருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு சீசன். இடையில் பொது மேலாளர் மாறினால், புதியவருக்கு முந்தையவர் எடுத்த பிக்கைக் காப்பாற்றும் கட்டாயம் எதுவும் இல்லை. அணியை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, கோச்சுக்கும் பொது மேலாளருக்கும் ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் என்பதைத்தான்.

ரீபவுண்ட்_ராஜா

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வெற்றி பெறும் அணி என்றாலே நல்ல சூழல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2003-ல் டார்கோ மிலிசிச் 2-வது பிக்காக டெட்ராய்ட் போனார். அணி 2004-ல் சாம்பியன். அவருக்குக் கிடைத்தது 34 ஆட்டம், சராசரி 4.7 நிமிடம். 3-வது பிக் கார்மலோ ஆந்தனி போன டென்வர், முந்தைய சீசனில் 17 ஆட்டம்தான் வென்றிருந்தது. முதல் நாளிலிருந்தே பந்து அவர் கையில். ஜேம்ஸ் வைஸ்மன் கதையும் அப்படித்தான்: கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியவர், 2020-ல் 2-வது பிக்காக கோல்டன் ஸ்டேட் போனார். அங்கே சென்டர் என்றால் ஸ்கிரீன் வைக்கும் நொடியும் பாஸ் கொடுக்கும் நொடியும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அது ஆட்ட நிமிடத்தில்தான் வரும், அந்த நிமிடத்தைக் காயமும் தின்றது. 2023 பிப்ரவரியில் அணி மாற்றப்பட்டார்.

எனவே, அதே பொசிஷனில் முன்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். டென்வரில் 2016-17 தொடக்கத்தில் யோகிச், நூர்கிச் என்ற இரண்டு சென்டர்களையும் சேர்த்து இறக்கினார்கள். இருவருக்கும் பெயிண்டில் ஒரே இடம் வேண்டும், ஆட்டம் அடைத்துக்கொண்டது. டிசம்பர் நடுவில் யோகிச் மட்டும் தொடக்க சென்டர் ஆனார், பிப்ரவரியில் நூர்கிச் போர்ட்லண்டுக்குப் போனார். 41-வது பிக்கான யோகிச்சுக்காக 16-வது பிக்கான நூர்கிச்சை விட்டுக்கொடுத்த துணிச்சல் எல்லா அணிக்கும் வராது.

கார்னர்_22அடி

நன்றி. அப்படியானால் 25-க்குப் பிறகு வரும் பிக்குகளுக்கு? அவர்களுக்கு யாரும் நிமிடம் ஒதுக்குவதில்லையே.

ரீபவுண்ட்_ராஜா

அங்கே ஜி லீக் (என்.பி.ஏ.வுக்குக் கீழே உள்ள வளர்ச்சி லீக்) அணியைப் பாருங்கள். பாஸ்கல் சியாகம் 2016-ல் 27-வது பிக். ரூக்கி சீசனில் தொடக்க ஐவரில் ஆடிவிட்டு இடம் போனதும், டொராண்டோ அவரை மிசிசாகாவில் இருக்கும் ராப்டர்ஸ் 905-க்கு அனுப்பியது. 2017-ல் அந்த அணி ஜி லீக் (அப்போதைய பெயர் டி லீக்) சாம்பியன், சியாகம் ஃபைனல்ஸ் எம்.வி.பி. 2019-ல் என்.பி.ஏ.வில் அதிகம் முன்னேறிய வீரர் விருது. பயிற்சி அரங்கம் பக்கத்தில் இருப்பதும், மேல் அணியின் அதே ஆட்ட முறைகளைக் கீழேயும் ஆடுவதும் பெரிய உதவி.

டூ-வே ஒப்பந்தம் (என்.பி.ஏ., ஜி லீக் இரண்டிலும் ஆடும் ஒப்பந்தம்) என்றால் கவனம் வேண்டும். அணிக்கு மூன்று இடம், வீரருக்கு என்.பி.ஏ.வில் அதிகபட்சம் 50 ஆட்டம். கீழே 35 நிமிடம் பந்தைக் கையாள விட்டு, மேலே கூப்பிடும்போது கார்னரில் நிற்கச் சொல்லும் அணியில் அவர் பழகுவது ஒன்று, சோதிக்கப்படுவது வேறொன்று. மேலே தரப்போகும் வேலையையே கீழேயும் தருகிறார்களா என்று இரண்டு ஆட்டம் பார்த்தாலே தெரிந்துவிடும்.