கோதுமை விலக்கிய அம்மா மூன்று மாதம் சூரிச்சில்: பத்தியத்தை எப்படிக் காப்பது?

கல்லடிவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 62. வயிற்றோட்டமும் இரத்தச் சோகையுமாகப் பல காலம் அலைந்த பிறகு, இரத்தப் பரிசோதனையும் சிறுகுடலிலிருந்து எடுத்த துணுக்கின் பரிசோதனையும் செய்து, அவருக்கு இருப்பது சீலியாக் நோய் என்று சென்ற ஆண்டு வைத்தியர் உறுதிப்படுத்தினார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே குடலைக் கெடுப்பதால், அவற்றை முற்றாக விலக்குவதுதான் வைத்தியம். பத்தியம் என்றால் ஒரு மண்டலத்தில் முடிந்துவிடும் என்று பழகியவருக்கு, இது ஆயுள் முழுவதும் என்பதை ஏற்றுக்கொள்ளவே பல மாதங்கள் சென்றன. சிவப்பரிசிச் சோறு, அரிசி மாப் பிட்டு, மீன் ஆணம், முருங்கைக்கீரை என்று இப்போது நன்றாகத் தேறியிருக்கிறார்.

சுவிற்சர்லாந்தில் இருக்கும் தங்கைக்குப் பிள்ளை பிறக்கவிருப்பதால் அம்மா மூன்று மாதம் சூரிச்சில் தங்கப்போகிறார். அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. விமானத்தில் எதை உண்பது, கடையில் எதை நம்பி வாங்குவது, இங்கே மட்டக்களப்பிலிருந்து எதைக் கொடுத்து அனுப்பலாம்? “இங்கே எல்லாம் கிடைக்கும்” என்கிறாள் தங்கை. அவள் அவிக்கும் இடியப்பத்தில் பாதி அவித்த கோதுமை மா என்பது எனக்குத் தெரியும்.

வந்தாறுமூலையான், சூரிச்:
என் மனைவிக்கும் இதே நோய் இருப்பதால் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கடையைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. உண்மையில் நம் ஊரைவிட இங்கே கடையில் வாங்குவது இலகு. பொதியில் உள்ள சேர்மானப் பட்டியலில் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். ‘குளூட்டன்ஃப்ரை’ (குளூட்டன் இல்லாதது) என்று அச்சிட்டிருந்தால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. குளூட்டன் இல்லை என்பதைக் காட்டும் குறுக்குக் கோடிட்ட கதிர்ச் சின்னத்தை மொழி தெரியாத அம்மாவும் அடையாளம் கண்டுகொள்வார்.

ஆனால் சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. ‘வைட்சன்’ என்றால் கோதுமை, ‘கெர்ஸ்ட’ என்றால் பார்லி, ‘ரொக்கன்’ என்றால் ரை என்பதை மனப்பாடம் செய்த என் மனைவி, ‘டிங்கல்’ என்று எழுதிய பிஸ்கட்டைப் பட்டியலில் வைட்சன் இல்லையே என்று நம்பி வாங்கி உண்டுவிட்டு, இரண்டு நாள் வயிற்று வலியோடு படுத்திருந்தார். டிங்கலும் கோதுமையில் ஒரு வகைதான். மறுபுறம் ‘பூக்வைட்சன்’ என்பதில் வைட்சன் ஒட்டியிருந்தாலும் அது கோதுமையே அல்ல, அதை உண்ணலாம். ‘மால்ட்ஸ்’ என்று கண்டால் அது பெரும்பாலும் பார்லி மால்ட் என்பதால் விலக்குங்கள். ஹார்லிக்ஸ் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம். இந்தச் சொற்களை ஓர் அட்டையில் ஜெர்மன் எழுத்திலும் தமிழிலும் எழுதிக் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

காரைதீவுப் பயணி:
விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவு கேட்டுப் பெறலாம். பயணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாவது பதிய வேண்டும். இடையில் விமானம் மாறுவதானால் இரண்டு விமானங்களுக்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். எனக்கு ஒருமுறை சரியான உணவுத் தட்டைத் தந்த பணிப்பெண், பழக்கத்தில் சாதாரண கோதுமை மாப் பணிஸ் (பன்) ஒன்றையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கே ஓர் இரவு செல்லும். பேருந்து நிற்கும் சாப்பாட்டுக் கடையில் கோதுமை மாக் கொத்தும் பரோட்டாவும் புரளும் அதே கல்லில்தான் மற்றதும் வேகும். ஆகவே வீட்டிலேயே செய்த எள்ளுருண்டையும் அவலும் கையில் இருக்கட்டும்.

பால், இறைச்சிப் பொருள்களை நம் நாட்டிலிருந்து சுவிற்சர்லாந்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் எருமைத் தயிரை மறந்துவிடுங்கள். பச்சை முருங்கைக்கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அவற்றைப் பெட்டியில் செருகாமல் இருப்பதே நல்லது. கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் இரண்டிலும் கோதுமை மா கலப்பது வழக்கம் என்பதால் அம்மாவின் இரசத்துக்குப் பெருங்காயமே வேண்டாம்.

கல்லடிவாசி:
இருவருக்கும் நன்றி. பிள்ளை பிறந்து 31ஆம் நாள் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். கோதுமை மாவில் செய்த ரோல்ஸ், பற்றீஸ், அவற்றோடு வடை எல்லாம் பொரிப்பார்கள். “ஒன்று உண்டால் என்ன” என்று வற்புறுத்துவார்களே, அதற்கு என்ன செய்வது?

வந்தாறுமூலையான், சூரிச்:
அதுதான் உண்மையான சிக்கல். என் மனைவிக்கு இங்கே வந்த பெரும்பாலான உபாதைகள் அன்பான உறவினர் வீடுகளில் வந்தவையே. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் சுத்தமான உழுந்து வடையைப் போட்டாலும் அது அம்மாவுக்கு ஆகாது; ஆகவே முதலில் அவருடைய வடையைப் பொரித்து எடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பொரிக்கச் சொல்லுங்கள். நோய் என்று விளக்குவதைவிட, “வைத்தியர் பத்தியம் சொல்லியிருக்கிறார்” என்று ஒரே வசனத்தில் முடிப்பது நம்மவரிடம் நன்றாக எடுபடுகிறது. பத்தியக்காரரை வற்புறுத்தக்கூடாது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மற்றது இடியப்பத் தட்டு. தங்கையின் பிரம்புத் தட்டுகளின் பின்னலுக்குள் பழைய கோதுமை மா காய்ந்து ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிய தட்டுகளும் ஓர் இடியப்ப உரலும் ஊரிலிருந்தே கொடுத்து அனுப்பி, சிவப்பு நூல் கட்டித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அரிசி மாவையும் கோதுமை அரைக்கும் மில்லில் அரைக்காமல் வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள்.

கல்லடிவாசி:
அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு தட்டு வாங்கி வந்து, சிவப்பு நூலை இப்போதே கட்டிக்கொண்டிருக்கிறார். தங்கையிடம் அவித்த மாவைப் பற்றி நானே பேசிக்கொள்கிறேன்.