குரோத் ஃபால்டரிங்: ‘வளர்ச்சித் தொய்வு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

வளர்சிதை மாற்றக் கோளாறு (உணவை உடம்பு பயன்படுத்தும் வேதிவினைகளில் பிழை) உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான கையேட்டில் குரோத் ஃபால்டரிங் (growth faltering, வளர்ச்சி வேகம் மந்தமாவது) என்பதற்கு ‘வளர்ச்சி குன்றல்’ என்று போட்டுவிடலாம், மக்களுக்குப் பழகிய சொல்தானே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பழகிய சொல்தான். ஆனால் ஸ்டன்டிங் (stunting, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை) என்பதற்கும் அதையேதான் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்தக் குழந்தைகள் விஷயத்தில் அது ஆபத்து என்பது என் கருத்து.

குன்றல் ஒரு நிலை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடத்தில், வயதுக்கேற்ற உயரம் இடைநிலை அளவை, அதாவது நடுக்கோட்டை, விட இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) கீழே போனால்தான் அந்தப் பெயர். ஃபால்டரிங் என்பது அதற்கு வெகுமுன்பே நடப்பது: ஏறிக்கொண்டிருந்த கோடு மெல்லப் படுத்து, தன் பாதையைவிட்டுக் கீழிறங்குவது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண் குழந்தைக்கு 12 மாதத்தில் 74 செ.மீ.; அந்த வரைபடத்தின் நடுக்கோட்டிலேயே இருக்கிறாள். 18 மாதத்தில் 76 செ.மீ. அந்த வயதில் குன்றலின் எல்லை ஏறத்தாழ 75 செ.மீ. என்பதால் ‘குன்றல் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நடுக்கோடு இந்த ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 7 செ.மீ. ஏறியிருக்கிறது, இவள் ஏறியது 2 செ.மீ. இந்த இழப்பைச் சொல்லத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே உணவுதான் மருந்து. புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி சரிவர வேலை செய்யாததால் அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. அதனால் புரதத்தை அளந்து கொடுக்கிறோம். ஆனால் அந்த அமிலம் அறவே இல்லாமல் உடம்பு வளராது. அளவு மிகவும் குறைந்துபோனால் முதலில் பசி மந்தமாகும், எடை ஏறாது. அப்புறம் உடம்பு தன் தசையையே உடைக்க ஆரம்பிக்கும். அதிலிருந்து வெளிவரும் ஃபீனைல்அலனின் ரத்த அளவை உயர்த்திவிடும். ரத்த அறிக்கையை மட்டும் பார்ப்பவர் ‘சாப்பாடு அதிகமாகிவிட்டது’ என்று இன்னும் குறைப்பார், நிலைமை மேலும் மோசமாகும். ரத்த அறிக்கையோடு வளர்ச்சிக் கோட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும். கோடு படுக்கத் தொடங்கும்போதே பெற்றோர் மருத்துவரிடம் போக வேண்டும். குன்றல் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

வந்த மற்றச் சொற்களில் ‘தடுமாற்றம்’ அகராதிப்படி சரி, ஆனால் கோடு மேலும் கீழும் ஆடுவதாகத் தோன்றுகிறது. ‘சரிவு’ என்றால் உயரமே குறைந்துவிட்டதா என்று கேட்பார்கள். ‘வளர்ச்சிக் குறைபாடு’ வேண்டவே வேண்டாம். அது குழந்தையின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

‘தொய்வு’ பொருந்துகிறது. வேலையில் தொய்வு, படிப்பில் தொய்வு என்று தினமும் சொல்கிறோம். வேகம் குறைந்திருக்கிறது, கவனித்தால் நிமிர்த்தலாம் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. ‘எடையில் தொய்வு தெரிகிறது’ என்று செவிலியர் இயல்பாகச் சொல்லலாம்.

இன்னொரு வசதி, தொய்வு யார்மீதும் பழி போடுவதில்லை. ஹர்லர் நோய்க்குறி என்ற இன்னொரு பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறில் குழந்தை முதல் வருடம் சராசரியைவிட வேகமாகக்கூட வளரும், பிறகு எலும்பு பாதிக்கப்பட்டு வளர்ச்சி மந்தமாகும். அங்கே காரணம் சாப்பாடு இல்லை. ‘குன்றல்’ என்றதும் ஊட்டக்குறைவுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஹர்லர் குழந்தையின் தாய்க்கு அந்தச் சொல் பெரிய அநியாயம்.

கூடவே ‘போலித் தொய்வு’ என்பதையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வயதுவரை படுக்கவைத்து நீளம் அளக்கிறோம், அதன்பின் நிற்கவைத்து உயரம். அதே குழந்தை நிற்கும்போது சுமார் 0.7 செ.மீ. குறைவாகத்தான் வரும். முறை மாறியதைக் குறிக்காமல் ஒரே கோட்டில் புள்ளி வைத்தால் இல்லாத தொய்வு தெரியும்.

 

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

வளர்ச்சித் தொய்வு: அடுத்தடுத்த அளவீடுகளில் குழந்தையின் எடையோ உயரமோ அதன் முந்தைய வளர்ச்சிப் பாதையைவிட்டுக் கீழிறங்குதல்.

எடை பல வாரம் துளியும் ஏறாமல் நின்றுவிட்டால் அதையும் தொய்வு என்பதா, ‘தேக்கம்’ என்று தனியாகப் பிரிப்பதா? பிரிக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவர்கள் இதற்குப் பதில் எழுதுங்கள்.