எச்ஓஏ போர்டை மொத்தமாக மாற்றுவதா, பாதிப் பாதியாகவா?

குளத்தோரம்: ஃப்ளோரிடாவில் 220 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டில் ஐந்து பேர். வருடா வருடம் ஐந்து இடத்துக்கும் தேர்தல். இனி பதவிக்காலம் இரண்டு வருடம், ஒரு வருடம் மூன்று இடம், மறுவருடம் இரண்டு இடம் என்று தேர்தல் நடத்த அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. ஆதரிக்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பழைய பொருளாளர்: தாராளமாக ஆதரியுங்கள். எங்கள் இடத்தில் ஒருமுறை ஐந்து பேரும் ஒரே இரவில் மாறினார்கள். குளத்துப் பாசி எடுக்கும் கம்பெனியின் ஒப்பந்தம், முடிவதற்கு 60 நாள் முன்னால் வேண்டாமென்று எழுதிக் கொடுக்காவிட்டால் தானாக நீளும். புதியவர்கள் அதைப் படித்தபோது 40 நாள்தான் பாக்கி. யாருக்குமே பிடிக்காத கம்பெனிக்கு இன்னொரு வருடம் பணம் கட்டினோம். பழைய ஆள் ஒருவர் மிச்சமிருந்திருந்தால் ஞாபகப்படுத்தியிருப்பார்.

முருங்கைக்காய்: சார், அதற்கு ஒரு ஃபைல் போதுமே. அதற்காக மூன்று பேரை உட்கார வைத்தே சோறு போட வேண்டுமா? நான் முன்பு இருந்த இடத்தில் இதே முறைதான். தலைவரின் மைத்துனருக்குப் புல் வெட்டும் காண்ட்ராக்ட். கொதித்துப்போய்க் காலியான இரண்டு இடத்தையும் ஜெயித்தோம். அப்புறம்? எதை எடுத்தாலும் மூன்றுக்கு இரண்டில் தோல்வி. முழுதாக ஒரு வருடம் மைத்துனரே புல் வெட்டினார், அதுவும் அரைகுறையாக.

பழைய பொருளாளர்: ரீகால் (ஓட்டெடுத்துப் பதவியிலிருந்து இறக்குவது) செய்திருக்கலாமே, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ராஜ்யசபாவிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குதானே ஓய்வு பெறுகிறது? அமெரிக்க செனட்டும் அப்படித்தான்.

முருங்கைக்காய்: செனட்டர் யாரும் என் மெயில்பாக்ஸ் நிறத்துக்கு அபராதம் போடுவதில்லை. ரீகாலுக்கு மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். 220 வீட்டில் 111. ஆண்டுக் கூட்டத்துக்கோ, பைலாவில் (சங்க விதிகளில்) அதைவிடக் குறைத்துச் சொல்லாவிட்டால், கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) 30 சதவீதம். வராதவர்கள் தங்கள் சார்பில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ப்ராக்ஸியையும் சேர்த்து 66 வீடு. அந்த 66-க்கே வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

மாடிவீடு: எப்படியும் 8 வருடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது என்று சட்டம் இருக்கிறதே?

முருங்கைக்காய்: அது காண்டோவுக்கு (அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி), ஃப்ளோரிடா சட்டத்தில் அத்தியாயம் 718. அங்கும் பதிவான ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நீடிக்கலாம். எச்ஓஏ வருவது 720-இல். அதில் அந்த வரம்பு கிடையாது.

பழைய பொருளாளர்: சரி, மைத்துனர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஃபைலை யார் படிக்கிறார்கள்? குளத்தோரம், ஒன்று கேட்கிறேன். முதல் தடவை எந்த மூவருக்கு இரண்டு வருடம்? எங்களிடம் அதிக ஓட்டு வாங்கிய மூவருக்கு என்று எழுதினோம். உங்கள் திருத்தத்தில் என்ன இருக்கிறது?

குளத்தோரம்: இப்போதுதான் நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். இந்த வருடம் இரண்டு இடத்துக்கு மட்டும் தேர்தலாம். இப்போது இருப்பவர்களில் மூவர் இன்னொரு வருடம் நீடிப்பார்களாம். அந்த மூவர் யார் என்று போர்டே முடிவு செய்யுமாம்!

முருங்கைக்காய்: அங்கே மைத்துனர் யாராவது இருக்கிறாரா, விசாரியுங்கள்.

பழைய பொருளாளர்: அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். எடுக்காவிட்டால் எதிர்த்தே ஓட்டுப் போடுங்கள். நான்தான் சொல்கிறேன்.