டிரை ஹாப்பில் (வாசனைக்காக, கொதிக்க வைக்காமல் ஃபெர்மென்டரிலேயே ஹாப்ஸ் பூவை ஊறப்போடுவது) போகும் பீரை எப்படிக் கணக்கு வைப்பது?

பாட்டிலில் 20 லிட்டர் இறங்க வேண்டிய ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை), 18.8 லிட்டரில் நின்றுவிடுகிறது. காய்ச்சும் கெட்டில் பக்கம் கணக்கு சரி: மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது, ஆறும்போது 4 சதவீதம் சுருங்குகிறது, ஃபெர்மென்டருக்குள் (நொதிக்க வைக்கும் கலன்) 22.5 லிட்டர் போகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

தட்டை அடி, குழாய் வைத்த 30 லிட்டர் ஃபெர்மென்டர். டிரை ஹாப் 200 கிராம், டி-90 பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ் குளிகை), பை இல்லாமல், 3 நாள். இதே ஈஸ்ட்டில் டிரை ஹாப் இல்லாத பீருக்கு அடியில் 1.5 லிட்டர்தான் தங்கும், இதில் 3.7 லிட்டர். ஆக ஹாப்ஸ் மட்டும் 2.2 லிட்டர், கிராமுக்கு 11 மில்லி. பீர் கணக்குப் போடும் மென்பொருளோ 5 மில்லி என்று வைத்துக்கொள்கிறது.

1 டிகிரியில் 2 நாள் கோல்ட் கிராஷ் (வண்டல் படியக் குளிர வைப்பது) செய்ததில் வண்டல் கொஞ்சம் இறுகியது, அதில் 200 மில்லி பீர்தான் கூடுதலாகத் தேறியது. வலைப்பையில் போட்டுப் பிழிந்தால் அளவு தேறுகிறது, ஆனால் ஆக்சிஜன் ஏறி வாசனை மங்குகிறது. அந்த லாபம் வேண்டாம். ஹாப்ஸை இரண்டாகப் பிரித்துப் போட்டும் மாற்றமில்லை. பெல்லட்டுக்குப் பதில் முழு ஹாப்ஸ் பூ போட்டால் இன்னும் அதிகம் உறிஞ்சும், அதனால் அதைத் தொடவில்லை.

தண்ணீரை மட்டும் கூட்டினால் ஓஜி (நொதிக்கும் முன் உள்ள சர்க்கரை அடர்த்தி) இறங்குகிறது. மால்ட், ஹாப்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால், கூடுதல் ஹாப்ஸ் தன் பங்குக்கு இன்னும் குடிக்கிறது (வட்டிக்கு வட்டி மாதிரி).

லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் பெல்லட் போடுபவர்கள், டிரை ஹாப் இழப்புக்கு மட்டும் கிராமுக்கு எத்தனை மில்லி வைக்கிறீர்கள்?